மாமாவின் இடது கை

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம், உன் மருமகளும் நலம், உன் மாமாவும் அவர் அளவில் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் "ம்" என்கிறாய். சாப்பிட்டாயா என்றால் அதற்கும் "ம்". வெறும் "ம்" என்று எழுதிக் கடிதம் அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

மாமா கண் திறந்துவிட்டார். கட்டடத் தளத்தில் விபத்து நடந்து ஐந்து வாரமும் இரண்டு நாளும் ஆகியிருந்தது. நான் வராந்தா முழுக்க ஓடி, "என் வீட்டுக்காரரு கண்ணத் தொறந்துட்டாரு" என்று கத்தினேன். நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, விட வேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் மேலாகவே பிடித்திருந்தார். பிறகு நரம்பு டாக்டர் உட்காரவைத்துச் சொன்னார்: "கண்ணு தொறக்கறது வேற, ஆள் முழிச்சுக்கறது வேறம்மா." பகலில் கண் திறக்கிறது, அப்புறம் தூங்குகிறது. திறந்திருக்கும்போது எதையும் பார்க்கிறாரா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் மூச்சு இயந்திரத்தைக் கழற்றிவிட்டார்கள். கழுத்தில் துளை, வயிற்றில் குழாய், மற்றதெல்லாம் அவர் சொந்தச் சரக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஒரு உதவியாளர் வருகிறார். கதவளவு உடம்பு, அதனால் வார்டே அவரை "மலை" என்றுதான் கூப்பிடும். அவர் புண்ணியத்தில் முதுகில் ஒரு புண் கிடையாது. நன்றி சொன்னால், "அட போங்கக்கா" என்று வெட்கப்படுகிறார்.

நீ ஏன் கிளம்பிப் போனாய் என்று நான் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். கடிதம் வந்தது.

இங்கே ஒரு கிடங்கில் வேலை. பெட்டிகளுக்கு எண் ஒட்டுவது. தரையிலேயே நடக்கும் வேலை, பழகிவிட்டது. பழையபடி கிரேன் ஓட்டப் போகவில்லை.

மாமா கண் திறந்ததில் சந்தோஷம். யாரையாவது தேடுவதுபோல் பார்க்கிறாரா? அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்குமா என்று டாக்டரைக் கேட்டாயா?

மருமகளுக்கு என் அன்பு.

தம்பி

மார்ச் 25

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தை எண்ணிப் பார்த்தேன், "ம்" என்பதைவிட முப்பது நாற்பது வார்த்தை கூடுதல். முன்னேற்றம்தான்.

இப்போது பரீட்சைக் காலம். பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி வருகிறாள், பொறுமைக்கு மெடல் கொடுக்கலாம். முதலில் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, முகம் துடைத்து, நன்றாக விழிக்கவைக்கிறாள். அப்புறம்தான் சோதனை. கைதட்டுகிறாள். நகத்தை அழுத்துகிறாள். முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடித்து மெல்ல நகர்த்துகிறாள். வேறெதையும் பார்க்காதவர்கள்கூடத் தங்கள் முகத்தைப் பார்ப்பார்களாம். "கூரையப் பாருங்க", "கையத் தூக்குங்க" என்று ஒவ்வொன்றையும் நாலு தடவை சொல்கிறாள். ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு சொல்லக்கூடாதாம், வேறு வேறு நேரங்களில் ஐந்து முறையாவது பார்க்க வேண்டுமாம்.

வலிப்பு மாத்திரையின் அளவு அதிகமாக இருப்பதாக எனக்குப் பட்டது. மருந்துக் கடையில் பதினொரு வருஷம் நின்றவளுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? கேட்டேன். டாக்டர் கோபப்படவில்லை, யோசித்துவிட்டுக் குறைத்தார். அந்த மனிதருக்கும் நன்றி.

போன மாதமே டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். விபத்து நடந்த இடத்தில் யாரோ அவர் தலையை அசைக்காமல் பிடித்து, தாடையைத் தூக்கி மூச்சு போக வழி செய்திருக்கிறார்கள். இருபத்தைந்து நிமிடம். "அந்த ஆள் இல்லன்னா நான் இப்போ உங்ககிட்ட பேசிட்டிருக்க மாட்டேம்மா" என்றார். ஆம்புலன்ஸ்காரர்கள் வரும்வரை பிடித்திருந்தது நீதான் என்று எல்லோரும் சொன்னார்கள். இதற்கு நேரில் நன்றி சொல்லத்தான் இருந்தேன், அதற்குள் நீ ஊரைவிட்டே போய்விட்டாய்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவின் காலுக்கு இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் ஏசி குளிரும்.

தாடையைப் பிடித்ததைப் பற்றி இனி எழுதாதே அக்கா.

அந்த ஐந்து சோதனையும் முடிந்ததா?

தம்பி

ஏப்ரல் 21

அன்புள்ள தம்பிக்கு,

காலுறை வந்தது, அளவு கச்சிதம். மருமகள் ஒரு ஜோடியைத் தனக்கென்று அமுக்கப் பார்த்தாள், பிடுங்கி மாட்டிவிட்டேன். இனி எழுதாதே என்று சொன்னாயே, அதற்கு மட்டும் நான் பதில் சொல்லப்போவதில்லை.

ஐந்தும் முடிந்தது. ஐந்திலும் ஒன்றும் இல்லை. கண்ணாடியை ஒரே ஒரு தடவை பார்த்ததுபோல் இருந்தது, ஆனால் இரண்டாவது முறை பார்க்கவில்லை. சொன்னதைச் செய்ததாக ஒன்றுகூடக் கிடையாது. தாளில் "விழித்திருக்கிறார், உணர்வு இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள். தெரபிஸ்ட் பெண் அதை என்னிடம் காட்டும்போது அவள் கண்ணும் கலங்கியது.

ஜூன் 10ஆம் தேதி டாக்டர்கள் கூடிப் பேசப்போகிறார்கள். அதுவரை மாற்றம் இல்லையென்றால் நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். போய்ப் பார்த்தேன். சுத்தமான இடம், நல்ல மனிதர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே பயிற்சி கிடையாது. ஜன்னலோரக் கட்டிலில் ஒருவர் ஒன்பது வருஷமாகப் படுத்திருக்கிறார். இங்கேயே இருந்தால், உணர்வு துளி இருக்கிறது என்று நிரூபித்தால், மறுவாழ்வுப் பிரிவில் இடம் தருவார்கள். எனக்கு வேண்டியது அந்தத் துளிதான் தம்பி.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். வலது கை விழுந்துவிட்டது, ஆனால் இடது கை சும்மா இருப்பதில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற ஒரு ஹாய்ஸ்ட் இருக்கிறது. துணித் தொட்டில்போல் அடியில் விரித்து, கொக்கியில் மாட்டி, பொத்தானை அழுத்தினால் ஆளை அப்படியே தூக்கும். அதில் மாட்டும்போதெல்லாம் இவர் முழங்கையை மடக்கிக் கையை உயர்த்தி, விரலைப் பாதி நீட்டி வட்டமாக ஆட்டுகிறார். ஈ ஓட்டுவதுபோல் இருக்கும். "அர்த்தமில்லாத அசைவு" என்று குறித்திருக்கிறார்கள். ஒரு நாள் அந்தக் கை கழுத்துக் குழாயில் பட்டுவிட்டதால் பஞ்சு உறை மாட்டிக் கட்டிவைத்திருக்கிறோம். பாக்ஸிங் சாம்பியன் மாதிரி இருக்கிறார்.

உடனே பதில் எழுது. இந்தத் தடவை எனக்கு நிஜமாகவே வேண்டும்.

அக்கா

மே 12

தம்பிக்கு,

மூன்று வாரமாகக் கடிதம் இல்லை, போனையும் எடுப்பதில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஆறு நாள் நான் நானாக இல்லை. மலை தன் விடுமுறை நாளிலும் வந்து சளியை உறிஞ்சி எடுத்துவிட்டுப் போனார். இப்போது காய்ச்சல் இறங்கிவிட்டது, எல்லோருக்கும் கும்பிடு.

நீ நலமென்று ஒரு வரி போடு. "ம்" என்றாவது எழுது.

அக்கா

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. உன் ஏப்ரல் கடிதம் 25ஆம் தேதியே வந்துவிட்டது. படித்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு என்னைச் செருப்பால் அடி.

அது ஈ ஓட்டுவது இல்லை. முழங்கை மடக்கி, கையை நிமிர்த்தி, ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சின்ன வட்டம். எங்கள் தளத்தில் அதற்கு "லோடை ஏற்று" என்று அர்த்தம். மாமா பதினான்கு வருஷமாகத் தினம் நூறு தடவை எனக்குக் காட்டிய சைகை. கீழே நின்று கிரேன் ஆபரேட்டருக்குக் கை காட்டும் சிக்னல்மேன் வேலையே அதுதானே. நீ தளத்துக்கு வந்ததில்லை, வீட்டில் அவர் கையை ஆட்டிப் பேசுகிறவரும் இல்லை. உனக்கு எப்படித் தெரியும்?

ஹாய்ஸ்டில் மாட்டும்போது மட்டும் காட்டுகிறார் என்றால் அவருக்குத் தெரிகிறது அக்கா. தன்னைக் கொக்கியில் மாட்டியிருக்கிறார்கள், தூக்கப்போகிறார்கள் என்று தெரிகிறது. தன்னை இறக்கி ஏற்ற அவரே சிக்னல் கொடுக்கிறார்.

அந்த உறையைக் கழற்று. தெரபிஸ்டிடம் இதைப் படித்துக் காட்டு. விரல் கீழே நோக்கி வட்டம் போட்டால் "இறக்கு". கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க அசையாமல் வைத்தால் "நிறுத்து". வாயால் சொல்லிக் கேட்க வேண்டாம். பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு அவர் காட்டியபடி செய்யட்டும். பிறகு வேண்டுமென்றே தப்பாகச் செய்யட்டும். ஏற்று என்றால் இறக்கட்டும். விஷயம் தெரிந்தால் அவர் "நிறுத்து" காட்டாமல் விடமாட்டார்.

நான் நினைப்பது வெறும் ஆசையாகவும் இருக்கலாம்.

தம்பி

மே 24

அன்புள்ள தம்பிக்கு,

செருப்பு தயாராக இருக்கிறது, ஆளைத்தான் காணோம். இப்போது திட்ட நேரமில்லை.

உன் கடிதத்தை டாக்டருக்கே படித்துக் காட்டினேன். அவர் மூளைப் படத்தை எடுத்து மறுபடி பார்த்தார். அடி பட்டது இடப் பக்கம், பேச்சைப் புரிந்துகொள்ளும் இடமும் அங்கேதான் இருக்கிறதாம். "வார்த்தையே உள்ள போகலன்னா, வார்த்தையால நாம கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எப்படி வரும்?" என்றார். பெரிய டாக்டர், என் முன்னால் "இத நான் யோசிச்சிருக்கணும்" என்று ஒத்துக்கொண்டார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

ஆனால் சோதனையை நான் கெடுத்துவிட்டேன். உன் கடிதத்தைப் பார்த்து வீட்டுக் கண்ணாடி முன்னால் பயிற்சி செய்துகொண்டு போயிருந்தேன். அவரை ஹாய்ஸ்டில் மாட்டினார்கள், உறையைக் கழற்றினார்கள். கை லேசாக எழுந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவருக்குத் தைரியம் கொடுக்கிறேன் பேர்வழி என்று எதிரே நின்று நானும் "ஏற்று, ஏற்று" என்று கையைச் சுழற்றினேன். அவர் கை இறங்கிவிட்டது. அன்றைக்கு மூன்று முறையும், மறுநாள் மூன்று முறையும் அதே கதை. நான் காட்டுகிறேன், அவர் கையைத் தொங்கப்போட்டுவிடுகிறார். தாளில் ஆறு பூஜ்யம்.

ஒன்று மட்டும் நடந்தது. ஆறாவது தடவை என்னைப் பார்த்தார். நிஜமாகவே என்னைத்தான். புருவம் சுருங்கி, கண்ணை மெல்ல மூடித் திறந்தார். நான் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்து சீட்டிலிருந்து பார்ப்பாரே, அதே பார்வை. பதினாறு வருஷம் அந்தப் பார்வைக்காக அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "இது முகத் தசை அசைவாவும் இருக்கலாம்" என்றாள் தெரபிஸ்ட். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பாவம்.

பத்தாம் தேதிக்கு இன்னும் பதினேழு நாள். என்ன தப்பு செய்கிறேன், சொல்.

அக்கா

மே 27

அக்கா,

கூரியரில் அனுப்புகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

நீ அந்த அறையைவிட்டு வெளியே போய்விடு. ஒரு லோடுக்கு ஒரு சிக்னல்மேன்தான். இரண்டு பேர் கை காட்டினால் ஆபரேட்டர் குழம்பிவிடுவான், ஆள் செத்துப்போவான். இன்னொருவன் குறுக்கே கை காட்டினால் மாமா உடனே தன் கையை இறக்கிவிடுவார், அவன் ஒதுங்கும்வரை தூக்கவே மாட்டார். மேனேஜரே காட்டினாலும் அப்படித்தான். உன்னை முறைத்தாரே, அதற்கு அர்த்தம் "தள்ளிப் போ" என்பதுதான். ஆறு பூஜ்யமும் அவருக்கு விழ வேண்டியதில்லை, உனக்கு விழ வேண்டியது.

இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இனி எழுத மாட்டேன். விபத்தன்றைக்கு இரும்புக் கம்பிக் கட்டு என் கிரேனில் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டில் மூடி பெடலுக்கு அடியில் உருண்டுவிட்டது, எடுக்கக் குனிந்தேன். இரண்டு நொடி இருக்கும். நிமிர்ந்தபோது மாமா "நிறுத்து" காட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகக் காட்டினாரோ தெரியாது. கட்டு சுழன்று அவர் மேல் வந்துவிட்டது. நீ எல்லோருக்கும் நன்றி சொல்கிறாய், எனக்கும் சொல்கிறாய். தாடையைப் பிடித்த கை எதுவோ, லீவரைப் பிடித்த கையும் அதுதான்.

அவர் தெளிந்தால் முதலில் என்னைத்தான் தேடுவார். உன் ஏப்ரல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்தொன்பது நாள் உட்கார்ந்திருந்தது அந்தப் பயத்தில்தான். அதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

தம்பி

ஜூன் 11

என் தம்பிக்கு,

நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முடித்துவிட்டுப் படி. எல்லாம் நல்ல சேதி.

நான் வெளியே போனேன். வராந்தாவில் நின்று, கதவிலிருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தெரபிஸ்ட் பொத்தானைப் பிடித்தாள், மலை தொட்டிலைப் பிடித்தார். மாமாவின் கை எழுந்தது. விரல் வட்டம் போட்டது. ஏற்றினாள். பாதியில் நிறுத்தினாள். மறுபடி வட்டம். அப்புறம் வேண்டுமென்றே இறக்கினாள் பார், கை சட்டென்று பக்கவாட்டில் நீண்டது. நடுங்கியது, ஆனால் உள்ளங்கை தரையைப் பார்த்தபடி அப்படியே நின்றது. அவள் நிறுத்தும்வரை அந்தக் கை இறங்கவில்லை. மலை, "யம்மாடி, வையறாருக்கா!" என்று கத்தியது வெளியே எனக்குக் கேட்டது.

ஐந்து நாளில் பன்னிரண்டு தடவை பார்த்தார்கள். பத்து சரி. ஒன்றில் தூங்கிவிட்டார், ஒன்றில் தும்மல் வந்துவிட்டது. நேற்றுக் கூட்டத்தில் டாக்டர் பழைய தாளை எடுத்து, "உணர்வு இல்லை" என்ற வரியை என் கண் முன்னால் அடித்தார். இன்றைக்கு மறுவாழ்வுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பேச்சு வருமா, நடப்பாரா என்று கேட்டேன். தெரியாது என்றார். வராமலும் போகலாம், வருஷக்கணக்கும் ஆகலாம். உறை மாட்டி அந்தக் கையை ஒரு மாதத்துக்கு மேல் கட்டிவைத்தோமே என்று நினைத்தால் மட்டும் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இனி உன் விஷயம். எனக்குத் தெரியும். ஜனவரியிலேயே தெரியும். நீ விசாரணையில் கொடுத்த வாக்குமூலத்தைக் கம்பெனி எனக்கும் அனுப்பியது. பாட்டில் மூடிகூட அதில் இருக்கிறது. நீ ஒன்றையும் மறைக்கவில்லை.

முதல் மாதம் உன்னை வெறுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், உன் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் டாக்டர் அந்த இருபத்தைந்து நிமிடத்தைச் சொன்னார். இரண்டு நொடியும் உன்னுடையது, இருபத்தைந்து நிமிடமும் உன்னுடையது. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்க எனக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டேன். இப்போது இந்தக் கையைப் படித்துச் சொன்னதும் நீதான். உலகத்தில் வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது. நன்றியை நான் நிறுத்தப்போவதில்லை, உனக்குக் கசந்தாலும் குடி.

கிளம்பி வா. அவர் தேடினால் தேடட்டும். முறைத்தால் வாங்கிக்கொள், நான் பதினாறு வருஷமாக வாங்கவில்லையா?

உன் அக்கா

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே பத்திரமாகத் திரும்பி வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த சாப்பாடு இரண்டு வேளைக்கு வந்தது. உனக்கும் மருமகளுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

நீ மருந்து வாங்கப் போயிருந்த அரை மணி நேரத்தில் நடந்ததை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மலையிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இப்போது எழுதுகிறேன்.

நீ போனதும் மலை பொத்தானை என் கையில் திணித்தார். "நீங்கதான ஆபரேட்டரு? தூக்குங்க." ஜனவரிக்குப் பிறகு நான் எதையும் தூக்கவில்லை அக்கா. வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை, தொட்டிலை மாட்டிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமாவின் கை மடியிலேயே கிடந்தது.

ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. "இன்னிக்கு என்ன, கையே தூக்க மாட்டேங்கறாரு? காலைலகூட எனக்குக் காட்டினாரே" என்றார் மலை. எனக்குப் புரிந்துபோயிற்று. என் கையால் தூக்கப்பட அவருக்கு விருப்பமில்லை என்றுதான் நினைத்தேன். பொத்தானைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று திரும்பப் போனேன். அப்போதுதான் எங்கள் வேலையின் முதல் பாடம் ஞாபகத்துக்கு வந்தது. ஆபரேட்டரின் கண் தன்மேல் இல்லாதவரை சிக்னல்மேன் கை தூக்க மாட்டான். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பான்.

நிமிர்ந்து பார்த்தேன். மாமா என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருப்பார் போலிருக்கிறது. முறைக்கவில்லை. வேலை நேரத்தில் பார்ப்பாரே, அப்படித்தான். என் கண்ணை ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு, இடது கையைத் தூக்கி விரலைச் சுற்றினார்.

ஏற்றினேன் அக்கா. அவர் "நிறுத்து" காட்டும்வரை இமைகூடக் கொட்டவில்லை.

கிடங்கு வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டேன். இந்த மாதம் முடிந்ததும் அங்கேயே வந்துவிடுகிறேன். மாமாவிடம் சொல்லிவிடு. வார்த்தை போகாவிட்டால் பரவாயில்லை, நானே வந்து எதிரே நிற்கிறேன்.

உன் தம்பி